தாயக்கட்டை போனுக்குள் போன கதை

பாண்டுப்பில் காலை லோக்கல் பிடிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. நிற்கவே இடமிருக்காது, ஆனாலும் நாலு பேர் ஒரே போனைக் கைமாற்றி லூடோ ஆடுவார்கள். பெரும்பாலும் லூடோ கிங். 2016-இல் வந்தது. செய்தவர்கள் நமக்குக் கழியின் அக்கரையில், நவி மும்பைக்காரர்கள். 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் புகுந்துவிட்டது.

தாயம் ஆடி வளர்ந்த எனக்கு அதில் வெட்டு சப்பென்று இருக்கும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. உருட்டினால் 16 விதமாக விழலாம். 3 விழ 4 வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. அதாவது எதிரி 3 கட்டம் பின்னால் நின்றால், அந்த ஒரு உருட்டலில் நாம் வெட்டுப்பட 4-இல் 1 வாய்ப்பு. 6 கட்டம் என்றால் 16-இல் 1 தான். எங்கே நிற்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. நம் பாட்டிமார் பின்னக் கணக்குப் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்! பல ஊர்களில் ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் உள்ளே போக முடியாது. பயந்து ஓடிப் பழமாகிற கதை நடக்காது.

வடக்கே இதன் பங்காளி பச்சீசி. ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் காலத்துக் கட்டம் இன்றும் தரையில் இருக்கிறது. சோழி உருட்டி, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆடுவது. வேண்டாமென்றால் காயை நகர்த்தாமலும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 1896-இல் இதை லூடோ என்று காப்புரிமை வாங்கியபோது சோழி போய் ஒற்றைப் பகடை வந்தது. 1 ஆனாலும் 5 ஆனாலும் 6-இல் 1. தள்ளி நின்றாலும் ஒட்டி நின்றாலும் ஏறக்குறைய ஒரே ஆபத்து. கூட்டாளியும் போய்விட்டார். போனுக்கு வந்தது இந்த லூடோதான், பச்சீசி அல்ல.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் புது மந்திரவாதி ஒரே அடியில் செத்துவிடுவான். மேசையில் ஆட்டத்தை நடத்துபவர் பார்த்து, பரிதாபப்பட்டு அடியைக் குறைக்கலாம். அந்த ஆட்டத்தின் பிற்காலப் பதிப்பு ஒன்றின் விதிகளை 1998-இல் பால்டர்ஸ் கேட் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனது. கம்ப்யூட்டருக்கு ஏது பரிதாபம்? செத்தால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டியதுதான். விதிகள் வந்தன, அவற்றைச் சமன் செய்த மனுஷர் வரவில்லை.

நம் ஊரில் இது காசு விவகாரமானது. பணம் கட்டி ஆடும் லூடோ திறமையா, வெறும் அதிர்ஷ்டமா என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2025-இல் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், லூடோவில் திறமை எவ்வளவு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் 1896-லேயே எழுதியாகிவிட்டது. யாராவது தாயத்தைப் போனுக்குக் கொண்டுவருவதானால் ஒரு வேண்டுகோள். கட்டத்தின் கோலம் எப்படியும் இருக்கட்டும். அந்த 16 வழியையும் வெட்டு விதியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.