கணக்குக் கேட்ட சபை

சென்ற கோடையில் ஒரு நாள் நண்பர் ஒருவர் என்னிடம் வாதத்துக்கு வந்தார். "உலகம் சூடாகிக் கொண்டு வருகிறது என்கிறீர்கள். சரி, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அதில் மனிதனுடைய பங்கு எவ்வளவு? சூரியன் இருக்கிறான், கடல் இருக்கிறது, எரிமலை இருக்கிறது. இவ்வளவு பெரிய பூமியில் மனிதன் எம்மாத்திரம், ஸார்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது புதியதல்ல. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, லண்டனில் ராயல் வானிலைச் சங்கத்தின் கூட்டத்தில், ஏறக்குறைய இதே கேள்வியைப் பெரிய நிபுணர்கள் கேட்டார்கள். அன்று அவர்களுக்கு எதிரே நின்ற மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் கய் ஸ்டூவர்ட் காலண்டர். (நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) அவர் வானிலை நிபுணர் அல்லர்; நீராவி எஞ்சினியர். நீராவி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற தகப்பனாருக்குப் பிள்ளை. பிழைப்புக்கு நீராவி, ஓய்வு நேரத்துக்கு வேறொரு பைத்தியம். உலகின் பல மூலைகளிலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைத் தேடிச் சேர்த்து, கையாலேயே கூட்டிக் கழித்துச் சராசரி பார்த்துக் கொண்டிருந்தார்.

அன்று அவர் சபை முன் வைத்த கணக்கு இதுதான்: முந்திய ஐம்பது வருஷங்களில் மனிதன் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சுமார் 15,000 கோடி டன் கரியமிலவாயுவைக் காற்றில் சேர்த்திருக்கிறான். அதில் முக்கால் பங்கு காற்றிலேயே தங்கிவிட்டது. அந்த வாயு பூமியிலிருந்து வெளியேறும் உஷ்ணத்தைப் போர்வை போலத் தடுக்கிறது. இதனால் வருஷத்துக்கு 0.003 டிகிரி உஷ்ணம் ஏற வேண்டும். உஷ்ணமானிகள் காட்டியதோ 0.005 டிகிரி!

இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் மனிதன் செய்ததே என்று காலண்டர் சொல்லவில்லை. பாதிக்குச் சற்று அதிகம் மனிதன் கணக்கில். மீதிக்கு வேறு காரணம் இருக்கலாம். நண்பர் கேட்ட "எவ்வளவு?" என்ற கேள்விக்கு அன்றே ஒரு பதில் இருந்தது.

சபை அதை ஏற்கவில்லை. அங்கே ஸர் ஜார்ஜ் ஸிம்ஸன் இருந்தார். சிம்லாவில் இந்திய வானிலை இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஸ்காட்டுடன் தென்துருவப் பிரதேசத்துக்குப் போய் வந்தவர். காற்று ஓரிடத்தில் நிற்பதில்லையே, கதிர்வீச்சை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போதுமா என்பது அவர் ஆட்சேபம். பழைய அளவீடுகளை நம்பலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1896-லேயே கரியமிலவாயுவின் கணக்கைப் போட்டிருந்தார். ஆனால் இருக்கிற வாயுவே தடுக்க வேண்டியதையெல்லாம் தடுத்துவிடுகிறது, இன்னும் சேர்த்தால் வித்தியாசம் இராது என்று 1900-ல் வேறொருவர் பரிசோதனை செய்து காட்டியிருந்தார். மிஞ்சியதைக் கடல் குடித்துவிடும் என்ற நம்பிக்கை வேறு.

சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சொந்தக் கணக்கில் தவறு வராத மனிதன் உண்டா? காலண்டரே ஒரு விஷயத்தில் தவறினார். இந்த உஷ்ணத்தால் நன்மைதான், பனி யுகம் திரும்பி வராமல் தடுக்கும் என்று அவர் எண்ணினார்.

பதில்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. பூமியில் புதைந்து கிடந்த கரியில், உயிருள்ள மரத்தில் இருக்கும் கதிரியக்கக் கார்பன் இராது. காற்றிலும் மரத்திலும் அந்தக் கார்பன் நீர்த்து வருவதை 1955-ல் ஸூயஸ் என்பவர் கண்டார். புகை யாருடையது என்பதற்கு மரமே சாட்சி சொல்லிற்று. 1956-ல் கில்பர்ட் பிளாஸ், மேலே மெல்லிய காற்றில் சேரும் வாயு உஷ்ணத்தைத் தடுக்கத்தான் செய்யும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கடல் நினைத்த வேகத்தில் குடிப்பதில்லை என்பது 1957-ல் தெரிந்தது. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலையொன்றில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2013-ல் அது 400-ஐத் தொட்டது.

காலண்டர் 1964-ல் காலமானார். அதற்கு முந்திய குளிர்காலமொன்றில், 1962-63-ல், இங்கிலாந்து பனியில் உறைந்து போயிருந்தது. 1940-களுக்குப் பிறகு பூமியின் உஷ்ணம் ஏறுவதும் நின்றுவிட்டது. தம் வாதம் தோற்றுக் கொண்டிருந்த வேளையில் அவர் கண்ணை மூடினார். அந்தத் தேக்கத்துக்கு ஆலைப் புகையிலிருந்த கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்ததும் ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது. தராசின் இரண்டு தட்டிலும் மனிதன் கையே இருந்திருக்கிறது!

2021-ல் ஐக்கிய நாடுகள் ஆதரவில் இயங்கும் விஞ்ஞானிகள் குழு கணக்கை வெளியிட்டது. 1850-1900 காலத்தைவிட 2010-2019 காலத்தில் உலகம் 1.06 டிகிரி சூடாகியிருந்தது. மனிதன் பங்கு 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்த்தது ஏறக்குறையப் பூஜ்யம். சூரியன் காரணமாக இருந்தால் மேல் வளிமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும், அதுவோ குளிர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட நண்பர், "அப்படியானால் இனி யாரும் கேள்வியே கேட்கக் கூடாதா?" என்றார்.

ஏன் கூடாது? மேகங்கள் என்ன செய்யும், கரியமிலவாயு இரட்டித்தால் இன்னும் எத்தனை டிகிரி ஏறும் என்பவற்றில் இன்றும் வாதம் உண்டு. லண்டன் சபை ஒரு நல்ல காரியம் செய்தது. காலண்டரின் கட்டுரையோடு, தன் ஆட்சேபங்களையும் அவர் தந்த பதிலையும் சேர்த்தே தன் பத்திரிகையில் அச்சிட்டது. அவர்கள் கணக்குக் கேட்டார்கள். பதில் சொல்ல இடமும் கொடுத்தார்கள். கணக்கு வந்த பிறகும் அதைப் பாராமல் "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேட்பவனை நம் ஊர்க் கடைக்காரர் என்ன சொல்வார்? சந்தேகக்காரன் என்று சொல்லமாட்டார். பாக்கியைக் கொடுக்க மனமில்லாதவன் என்பார்.