ஆண்டாய்வு நாளில் வராத பிள்ளைகள்



போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் படித்த, நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அதே குன்னூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி. வராண்டாவில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மொத்தப் பள்ளியும் அவ்வளவுதான். படத்துக்குக் கீழே வழக்கம்போல் சண்டை. "மூடிவிட்டுப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்" என்று ஒருவர். "வாத்தியார்கள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த நிலை வருமா" என்று இன்னொருவர். எழுதியபின் டீச்சரும் குழுவில் இருக்கிறார் என்று நினைவு வந்ததோ என்னவோ, அழித்துவிட்டார். நான் அதற்குள் படித்துவிட்டேன். கோபமில்லை தம்பி. ஆனால் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெரிய பதிவு, அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

நான் வேலையில் சேர்ந்தது 1983-ல், பந்தலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆகியிருந்தார்கள். அதனால் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் ஐந்து வகுப்பு, அறுபதுக்கு மேல் பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டே பேர். நடுவில் தடுப்பில்லாத ஒரே நீளக் கூடம்.

பிள்ளைகள் யார் யார் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பாதிப் பேர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. பின்னால் அதுவே டேன்டீ ஆனது. சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கமெல்லாம் அந்த லயன் வீடுகள். மீதிப் பேரில் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் கொஞ்சம், பணியர் குடியிருப்புப் பிள்ளைகள் கொஞ்சம். பணியர் மொழி தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இத்தனை பேருக்கும் நான் எடுத்துப் போனது ஒரே தமிழ்ப் பாடப்புத்தகம்.

இப்போது ஆண்டாய்வு. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே போதும், வயிறு கலங்கும். துணை ஆய்வாளர் வருவார். பதிவேடுகளைப் பார்ப்பார். நாலு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அடுத்து அடுத்த ஆண்டுதான்.

இந்தப் பயத்துக்கு நூற்றறுபது வயது. இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதி கொண்டுவந்தார். ஆய்வாளர் முன்னால் பிள்ளை வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம். மாத்யூ ஆர்னால்டு என்ற கவிஞர் அங்கே பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். அவரே இதைக் கடுமையாக எதிர்த்தார். நம் சென்னை மாகாணத்துக்கும் அதே முறை, தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்று வந்து சேர்ந்தது. 1882 ஹண்டர் குழு தொடக்கப் பள்ளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. 1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் அதை விடச் சொன்னது. விதி போயிற்று, பயம் மட்டும் ஆசிரியருக்கு ஆசிரியர் கைமாறி என் வரைக்கும் வந்தது. நலிந்த பள்ளிக்குப் பணம் குறையும் என்றால் எந்த ஆசிரியர் நலிந்த பிள்ளையை வெளியே காட்டுவார்?

நானும் காட்டவில்லை. இதை நாற்பது ஆண்டாக யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஆண்டாய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், எழுத்துக் கூட்டவே வராத நான்கு பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவு, வர வேண்டாம்" என்றேன். இப்படித்தான் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், செய்தேன். மறுநாள் எல்லாம் நன்றாக நடந்தது. 'வாசிப்புத் திறன் திருப்திகரம்' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். நான்காவது பெண், மூன்றாம் வகுப்பு, பணியர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வீட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள். "டீச்சர்தானே வர வேண்டான்னு சொன்னது" என்றார் அவள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் பிறகு வரவே இல்லை.

ஆகவே அந்தத் தம்பியின் கேள்விக்கு முதல் பதில்: ஆமாம், வாத்தியார்கள் மேலும் தப்பு உண்டு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்மக்கள் நிலம், பெஞ்சு, கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1987-ல் கரும்பலகைத் திட்டம்: எந்தப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கொஞ்சம் கருவிகள். எல்லாம் தேவைதான். பசித்த பிள்ளைக்கு 'அ' ஏறாது. ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துவது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

1994-ல் மத்திய அரசு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பெண்கள் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழே உள்ள மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் முதலில். நீலகிரி அதில் இல்லை. நம்முடையது படித்த மாவட்டம் அல்லவா? 2011 கணக்கில்கூட எழுத்தறிவு 85 சதவீதத்துக்கு மேல். ஊட்டி கான்வென்ட்டும் பந்தலூர்ப் பணியர் குடியிருப்பும் ஒரே கூட்டலில் வரும்போது குடியிருப்பு காணாமல் போகிறது. ஆண்டாய்வு அன்று நான் செய்ததைத்தான் சராசரியும் செய்கிறது.

மாற்றம் வந்தது சென்னையிலிருந்து. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவேலி. அங்கே பத்மநாப ராவ், ராமா தம்பதி கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்களுக்கான அட்டைகளைத் தாங்களே செய்தார்கள். பிறகு விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனார். 2006-07-ல் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகள், 2007-08-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும்.

அப்போது படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுவரில் ஏணிப்படி. பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். அணில், முயல் என்று ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். ஆசிரியர் துணையோடு ஒரு குழு, பெரிய பிள்ளை துணையோடு ஒரு குழு, தானே படிக்க ஒரு குழு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர் என்ற முடிச்சுக்கு என் பணிக்காலத்தில் கிடைத்த ஒரே நேர்மையான விடை இதுதான்.

நடுவில் ஒரு வேடிக்கை. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறை. 1790-களில் எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதை எடுத்துப் போய் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பரப்பினார். இருநூறு ஆண்டு கழித்து நாம் அதைப் புதுமை என்று பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தோம்!

குன்னூரில் எங்கள் முதல் பிரச்சினை பாய். செயல்வழிக் கற்றலில் எல்லாரும் தரையில் உட்கார வேண்டும். சென்னைக்குச் சரி. உறைபனி விழும் ஜனவரியில் சிமெண்டுத் தரையில் எப்படி? எஸ்டேட் அம்மாக்கள்தான் வழி செய்தார்கள். தோட்டத்துக்குப் போட்டுப் போகும் பழைய கம்பளியை அடியில் வைத்து, மேலே சாக்கைத் தைத்துக் கொடுத்தார்கள். காலநிலை அட்டவணையில் வெயில், மேகம், மழை இருந்தது. நம் ஊர் மூடுபனிக்கு இடமில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சாக்பீஸால் மொத்தத்தையும் வெள்ளையாக அடித்துவிட்டு, "மூடுபனி டீச்சர்" என்றான். (நீதான். சிரிக்காதே. இப்போது உனக்கே இரண்டாம் வகுப்பில் மகள்.)

ஆனால் நான் சொல்ல வந்தது அட்டையைப் பற்றி இல்லை. வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் என்று ஒருவர் வர ஆரம்பித்தார். என் மகன் வயதுதான் இருக்கும். ஜூலை மழையில் நனைந்து வந்தார். நான் பழக்கத்தில் பதிவேடுகளை அடுக்கி வைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தார். அதுவும் எங்கே? மூன்று வாரமாக ஒரே அட்டையில் நின்றுகொண்டிருந்த பையன் பக்கத்தில். "ஏன் டீச்சர் இவன் நகர மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். எனக்கு உடனே 1983 ஞாபகம். உடம்பு விறைத்துவிட்டது. இவனை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். ஏர் படம். பையன் அதைக் 'கத்தி' என்று வாசித்தான். தேயிலை மலையில் பிறந்த பிள்ளை ஏரை எங்கே பார்ப்பான்? அவன் கண்ணுக்கு அது கவாத்துக் கத்தி. சிரித்துவிட்டோம். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து கவாத்து, கொழுந்து, கூடை, கம்பளி என்று புது அட்டைகள் எழுதினோம். அட்டைக்கும் கலர் பேனாவுக்கும் காசு, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என்று வரும் மானியத்திலிருந்து. இரண்டு வாரத்தில் அவர் மறுபடியும் வந்தார். பையன் இரண்டு படி ஏறியிருந்தான். அதற்குப் பிறகும் வந்தார். என் பணிக்காலத்தில், மெல்லப் படிக்கும் பிள்ளையைக் காட்டினால் உதவி கிடைக்கும் என்று நான் நம்பியது அந்த ஆண்டுதான். சனிக்கிழமை குறுவள மையக் கூட்டங்களிலும் ஆசிரியர்கள் 'எங்கள் பள்ளியில் இது வரவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அது நீடித்ததா? இல்லை. அட்டைகள் கிழிந்தன. மாற்று அட்டை நேரத்துக்கு வரவில்லை. "புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கிறான்" என்று பெற்றோர் ஆங்கில நர்சரிப் பள்ளிக்கு மாற்றினார்கள். பயிற்றுநர்களுக்குப் படிவம் நிரப்பும் வேலை கூடிக்கொண்டே போயிற்று. நான் ஓய்வு பெறும் காலத்தில் அவர்கள் பாயில் உட்காருவதில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எண்ணிக்கையைக் கேட்க வருகிறவர்களாக மாறியது என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு.

ஒன்பது பிள்ளைகள் ஆனதற்கு அது மட்டும் காரணமும் இல்லை. 2001-ல் நம் மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. மாநிலமே பெருகும்போது நாம் குறைந்திருக்கிறோம். பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் லயன் வீடுகள் காலியாகித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறியதை நீங்களே பார்த்தீர்கள். உங்களில் பலர் அந்த பஸ்ஸில் போனவர்கள்தானே! ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளை 2019-ல் நூலகமாக மாற்றினார்கள், நம் மாவட்டப் பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

சேர்த்துவிடலாம் என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. பக்கத்துப் பள்ளி மேப்பில் பக்கம்தான். சோலை வழியாக நடக்கிற வழியில் காட்டெருமை நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து வயதுப் பிள்ளையை யார் கூட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அதைப் பேச வேண்டும்.

இப்போது பள்ளியில் காலை உணவு வருகிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இருக்கிறது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து தொடங்கும் முறை. பெயர்தான் வேறு, உள்ளே பழைய ஏணிப்படிதான் தெரிகிறது. எனக்குச் சந்தோஷமே. மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகிவிடாமல் இருந்தால் சரி.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பள்ளியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் விசாரித்தேன். அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார். நான் போகிறேன். குன்னூரிலேயே இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது கூட வாருங்கள். அழித்த தம்பி, நீயும்தான். பெயிண்ட், கேட், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு பேசுவோம். முதலில் ஒன்பது பேர் பக்கத்திலும் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று கேட்போம். தரை ஜில்லென்று இருக்கும், வீட்டில் பழைய கம்பளி இருந்தால் எடுத்து வாருங்கள்.