உரைகல்லாக நின்ற மீக்கணினி: யூலிக் ஆய்வு மையத்தின் வரலாறு

ஜெர்மனியின் மேற்கு எல்லையை ஒட்டி, ஆக்கன் நகருக்கும் கொலோன் நகருக்கும் இடையில் அமைந்த யூலிக் என்னும் சிற்றூரின் புறத்தே, 1956 டிசம்பரில் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலச் சட்டமன்றத்தின் தீர்மானத்தால் தோன்றிய ஆய்வு நிலையம், அணு ஆற்றல் ஆராய்ச்சிக்கென்றே நிறுவப்பட்டது. மெர்லின், டிடோ என்னும் இரு ஆய்வு உலைகள் 1962இல் அங்கே இயங்கத் தொடங்கின. உலைக்குள் நியூட்ரான்கள் எவ்வாறு பரவுகின்றன என்பதை அறியப் பெருங்கணக்குகள் தேவைப்பட்டமையால், பயன்பாட்டுக் கணிதத்துக்கான நடுவண் நிறுவனம் ஒன்றும் 1961இலேயே அவ்வளாகத்தில் இடம்பெற்றது. உலைகளின் துணைக்கென வந்த அந்தக் கணக்கிடும் பிரிவு, உலைகள் அணைந்த பின்னரும் நிலைத்து வளர்ந்து, இன்று மீக்கணினியையும் குவாண்டம் கணினியையும் ஒரே வளாகத்தில் இணைத்து இயக்கும் இடமாக மாறியிருப்பது, அறிவியல் நிறுவனங்களின் வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு திருப்பமாகும்.

மீக்கணினி என்பது ஆயிரக்கணக்கான செயலிகளை விரைவான பிணைப்புகளால் ஒன்றுசேர்த்து, ஒரே கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒருங்கே செய்யவைக்கும் அமைப்பாகும். 1987இல் ஜெர்மனியின் முதலாவது தேசிய உயர்திறன் கணிப்பு மையம் யூலிக்கைத் தளமாகக் கொண்டு உருவானது முதல், எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் தமது சிக்கலை முன்வைத்துக் கணிப்பு நேரம் பெறும் வழக்கம் அங்கே வேரூன்றியது. துகள் இயற்பியலார், வேதியியலார், வானிலை ஆய்வாளர் எனப் பலரும் ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்ட அந்த வழக்கமே, பின்னாளில் குவாண்டம் பொறி வந்தபோது அதனையும் பொதுவில் வைக்கும் மனநிலையை ஆயத்தம் செய்தது எனலாம்.

குவாண்டம் கணினி என்னும் எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. இயற்கையின் நுண்ணுலகைச் சாதாரணக் கணினியில் பாவித்துக் காட்டுவது கடினம் என்பதால், குவாண்டம் விதிகளின்படியே இயங்கும் பொறி ஒன்று வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981இல் ஓர் உரையில் வாதிட்டார். 1994இல் பீட்டர் ஷோர், அத்தகைய பொறியால் பேரெண்களை விரைவாகப் பகாக்காரணிகளாகப் பிரிக்க இயலும் என்று காட்டிய பின்னரே உலகம் அதனைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. சாதாரணக் கணினியின் பிட் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் இருக்க, அதன் குவாண்டம் இணையான க்யூபிட் இவ்விரு நிலைகளின் கலவையாகவும் இருக்கவல்லது. ஒவ்வொரு நிலையும் எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் குறிக்கும் எண் வீச்சு எனப்படும். க்யூபிட்டுகள் பல சேரும்போது, அவற்றின் கூட்டுநிலையை எழுத, ஒரு க்யூபிட் கூடுந்தோறும் இருமடங்கு வீச்சுகள் தேவைப்படுகின்றன.

இந்த இருமடங்குப் பெருக்கமே யூலிக்கின் கதைக்கு அச்சாணி. உண்மையான குவாண்டம் பொறிகள் விரல்விட்டு எண்ணத்தக்க க்யூபிட்டுகளோடு தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், அவை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை மீக்கணினியில் முழுமையாகப் பாவிக்கும் நிரல் ஒன்றை ஹான்ஸ் டி ரேட், கிறிஸ்டல் மிகீல்சன் உள்ளிட்ட குழுவினர் உருவாக்கினர். 2007இல் வெளியான அவர்களது ஆய்வுரை 36 க்யூபிட் வரையிலான பாவனையை விவரித்தது. 36 க்யூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 6,872 கோடி வீச்சுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 16 பைட் என்று கொண்டால், ஒரு டெராபைட் நினைவகம் அதற்கே செலவாகிவிடும். 2010இல் ஜூஜீன் என்னும் யூலிக் மீக்கணினியில் இந்த எண்ணிக்கை 42 ஆக உயர்ந்தது. ஷோரின் வழிமுறையைப் பின்பற்றி 15,707 என்னும் எண்ணை 113, 139 ஆகிய இரு காரணிகளாகப் பிரித்துக் காட்டியதும் அப்போதுதான். காகிதமும் பென்சிலும் கொண்டு சிறிது நேரத்தில் செய்துவிடக்கூடிய வகுத்தல்தான் அது. ஆயினும், இன்னும் பிறவாத ஒரு பொறியின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே கண்டறிந்த பணி என்பதில்தான் அதன் பெருமை அடங்கியுள்ளது.

ஆறு க்யூபிட் கூடியதற்கு நினைவகம் 64 மடங்கு வளர வேண்டியிருந்தது என்பதை நோக்கினால், பொறியை மட்டும் பெருக்கி இப்போட்டியில் நெடுந்தூரம் செல்ல முடியாது என்பது விளங்கும். எனவே குழுவினர் ஒவ்வொரு வீச்சையும் 16 பைட்டுக்குப் பதிலாக இரண்டே பைட்டில் அடக்கும் குறியீட்டு முறையைக் கைக்கொண்டு, சீனாவின் சன்வே தைஹூலைட், ஜப்பானின் கே ஆகிய மீக்கணினிகளில் 48 க்யூபிட் வரை எட்டினர். துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து அளவில் மூன்று க்யூபிட்டைப் பெற்ற இந்த உத்தி, பின்வரும் ஆண்டுகளில் மீண்டும் கைகொடுத்தது.

இந்த உழைப்பின் பயன் 2019இல் உலகறியத் தெரிந்தது. கூகுள் நிறுவனம் 53 க்யூபிட்டுகளைக் கொண்ட சைக்கமோர் என்னும் தன் பொறி, 200 வினாடிகளில் முடித்த வேலையை அன்றைய முதன்மை மீக்கணினி செய்ய 10,000 ஆண்டுகள் ஆகும் என்று அறிவித்தது. அந்த ஒப்பீட்டை ஐபிஎம் உடனே மறுத்து, இரண்டரை நாள் போதும் என்று வாதிட்டதையே செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. அதே சோதனையில், சைக்கமோரின் விடைகள் சரியானவையா என்று பார்ப்பதற்காக 43 க்யூபிட் வரையிலான சிறு சுற்றுகளை முழுமையாகப் பாவித்துக் கொடுத்தது யூலிக்கின் மீக்கணினி என்பது பரவலாகக் கவனிக்கப்படவில்லை. பொன்னின் மாற்றை அறிய உரைகல் வேண்டும். குவாண்டம் பொறிகளின் மாற்றை அறிய அன்று இருந்த நம்பகமான உரைகல் மீக்கணினியே. இரண்டையும் எதிரிகளாக நிறுத்திப் பேசிய அன்றைய எழுத்துகள், இந்த உறவைக் காணத் தவறின.

இணைப்புக்கு வழிவகுத்த மற்றொரு சிந்தனை, குவாண்டத்தோடு தொடர்பில்லாத இடத்தில் முளைத்தது. தாமஸ் லிப்பர்ட் தலைமையில் யூலிக் மையம், எல்லா வேலைக்கும் ஒரே வகைப் பொறி என்னும் கொள்கையைக் கைவிட்டு, வெவ்வேறு இயல்புடைய கூறுகளை ஒரே பிணைப்பில் கோத்து, கணக்கின் ஒவ்வொரு பகுதியையும் அதற்கேற்ற கூறுக்கு அனுப்பும் கூறுநிலைக் கட்டமைப்பை 2011இல் தொடங்கிய டீப் என்னும் ஐரோப்பியத் திட்டத்தின் வழியே வளர்த்தது. 2018இலும் 2020இலும் இரு கட்டங்களாக எழுந்த ஜூவெல்ஸ் மீக்கணினி அக்கொள்கையின்படி அமைந்தது. இக்கட்டமைப்பில் குவாண்டம் பொறி மற்றுமொரு கூறு, அவ்வளவே. அதற்கான ஜூனிக் என்னும் பொதுப் பயன்பாட்டு ஏற்பாடு 2019இல் தொடங்கியது.

2022 ஜனவரியில் 5,000க்கும் மேற்பட்ட க்யூபிட்டுகளைக் கொண்ட டி-வேவ் பொறி அங்கே இயங்கத் தொடங்கியது. இந்த எண்ணிக்கையைச் சைக்கமோரின் 53உடன் ஒப்பிடுவது பெரும் பிழை. டி-வேவ் பொறி அனீலர் என்னும் தனி வகையைச் சேர்ந்தது. உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் தகைவு நீங்கிய ஒழுங்கில் அமைவதைப் போல, பல்லாயிரம் வாய்ப்புகளுள் ஆற்றல் குறைந்த ஒன்றை நோக்கிக் க்யூபிட்டுகளைத் தாமே அமையவிடும் முறை அது. கடோவாகி, நிஷிமோரி என்னும் ஜப்பானிய அறிஞர்கள் 1998இல் இதன் குவாண்டம் வடிவத்தை முன்வைத்தனர். எந்தக் கணக்கையும் செய்யும் பொதுப்பொறி அன்று இது. சிறந்த தெரிவைத் தேடும் சிக்கல்களுக்கு மட்டும் உரியது.

தரவுப் பகுப்பாய்வில் இதன் பயன் எவ்வாறு அமைந்தது என்பதற்குச் செயற்கைக்கோள் படங்கள் தக்க சான்று. ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வயலா, நீரா, கட்டடமா என்று வகைப்படுத்த, இரு வகைகளுக்கும் இடையே மிகப்பொருத்தமான எல்லைக்கோட்டை வகுக்கும் சப்போர்ட் வெக்டர் மெஷின் என்னும் முறை வழக்கில் உண்டு. அந்த எல்லையைத் தேடும் பணியை யூலிக் ஆய்வாளர்கள் 2020இல் டி-வேவின் முந்தைய தலைமுறைப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தனர். அப்பொறியில் ஒரு க்யூபிட் ஆறு க்யூபிட்டுகளோடு மட்டுமே பிணைந்திருந்தமையால், மிகச் சில பயிற்சி மாதிரிகளையே ஒரு வேளையில் ஏற்ற முடிந்தது. ஆகவே தரவைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அனீலருக்கு அனுப்பி, கிடைத்த விடைகளைச் சாதாரணக் கணினியில் தொகுக்க வேண்டியிருந்தது. ஒரே விடைக்குப் பதில் ஏறத்தாழ ஒத்த தரமுடைய பல விடைகளை அனீலர் தருவது முதலில் குறையாகத் தோன்றினும், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது புதிய தரவை வகைப்படுத்துவதில் நன்மையே விளைந்தது. யூலிக்கில் நிறுவப்பட்ட பொறியில் பிணைப்புகள் 15 ஆகப் பெருகின.

ஆனால் பெருந்தரவு முழுவதையும் குவாண்டம் பொறி விழுங்கிவிடும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு இந்த வரலாறு இடந்தரவில்லை. தரவை உள்ளே ஏற்றும் வாயில் குறுகியது. வெளியே வருவதும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் க்யூபிட்டுக்கு ஒரு பிட் மட்டுமே. எனவே தரவைச் சலித்து, சுருக்கி, தேடலின் கடினமான மையப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பும் வேலை மீக்கணினியின் பொறுப்பாகவே நீடிக்கிறது.

2025 செப்டம்பரில் யூலிக்கில் தொடங்கிவைக்கப்பட்ட ஜூபிட்டர், வினாடிக்கு ஒரு லட்சம் கோடியின் 10 லட்சம் மடங்கு கணக்குகளைச் செய்யும் எக்ஸா நிலையை எட்டிய ஐரோப்பாவின் முதல் மீக்கணினியாயிற்று. அதே ஆண்டில் அதன்மீது ஓட்டப்பட்ட பாவனை நிரல் 50 க்யூபிட்டை அடைந்தது. ஒவ்வொரு வீச்சையும் இரண்டு பைட்டில் அடக்கும் அந்தப் பழைய உத்தியே இங்கும் துணைநின்றது. அவ்வாறு அடக்கிய பின்னரும் ஏறத்தாழ இரண்டு பெட்டாபைட் நினைவகம் வேண்டியிருந்தது.