ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதா? 'எம்ஜிபி' காருக்கு வீல் அலைன்மென்ட் மட்டும் பண்ணா போதுமா?

பிரிட்டனின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார், எம்ஜிபி. மொத்தம் 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராகின. இன்னமும் பல கார்கள் அங்கே சாலையில் ஓடுகின்றன. ஆனால், பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அலைன்மென்ட் பண்ணி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது, மறுபடியும் ஸ்டியரிங் இழுக்கும், டயர் தேயும். ஏன் இப்படி?

எதை மாற்ற முடியும்?

முன் சக்கரங்களுக்கு முக்கியமாக 3 அளவுகள் உண்டு.

* டோ-இன்: இரு சக்கரங்களின் முன்பக்கமும் லேசாக உள்நோக்கி இருப்பது.
* கேம்பர்: முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு.
* காஸ்டர்: சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது.

எம்ஜிபியில் டோ-இன் மட்டும்தான் சரிசெய்யக்கூடியது. அளவு 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர். சுமார் 1 டிகிரி கேம்பரும் 7 டிகிரி காஸ்டரும் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டவை. அவை மாறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே தேயும்?

கீழ் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ், மேல் ஆர்மாகவும் வேலை செய்யும் ஷாக் அப்சார்பர், டை ராடு முனைகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ரொம்ப முக்கியம், கிங் பின். ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் அடிக்க 3 நிப்பிள்கள் இருக்கும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் கிங் பின் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காரை ஜாக்கில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் பிரச்னை. நிற்காவிட்டால் கிங் பின் அல்லது புஷ் மீதுதான் சந்தேகம்.

டயரும் குறிப்பு கொடுக்கும். இரண்டு முன் டயர்களும் வெளி ஓரத்தில் தேய்ந்தால் டோ-இன் அதிகம். உள் ஓரத்தில் தேய்ந்தால் சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்திருக்கலாம். ஒரே ஒரு டயர் மட்டும் ஓரம் தேய்ந்தால் கேம்பரைக் கவனிக்க வேண்டும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால், முதலில் காற்றழுத்தத்தையும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் பிரச்னை. கம்பி வீல் என்றால் அது கோணலாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏன் அலட்சியம் கூடாது?

பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் கட்டாய வருடாந்திர சோதனை கிடையாது. ஆனால், கார் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம். அதாவது, தேய்ந்த கிங் பின்னைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில்தான்.

எனவே முதலில் தேய்ந்த பாகத்தை மாற்றுங்கள், அப்புறம் அலைன்மென்ட். அப்போதும் இரண்டு பக்க டை ராடுகளையும் சம அளவில்தான் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால், நேரான சாலையிலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும்.