வார இதழும் புதினமும்: கல்கியின் இதழியல் பட்டறிவும் 'அலை ஓசை'யும்

ஆய்வுச் சுருக்கம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியை (1899–1954) இதழாளராகத் தொடங்கிப் புதின ஆசிரியராக மாறியவர் எனக் குறிப்பது வழக்கம். அவர் இறுதிவரை இதழாசிரியராகவே வாழ்ந்தார் என்பதையும், அவருடைய புதின வடிவம் வார இதழின் தேவைகளிலிருந்து உருவானது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அதற்கு 'அலை ஓசை' முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்கி, இதழியல், தொடர்கதை, அலை ஓசை, விடுதலை இயக்கம்

முன்னுரை

தமிழ்ப் புதின வரலாற்றில் கல்கியின் இடம் குறித்து இருவேறு மதிப்பீடுகள் நிலவுகின்றன. பெருந்திரளான வாசகர்களைத் தமிழ் படிக்கச் செய்தவர் என்பது ஒன்று. வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் வணிக எழுத்தின் முன்னோடி என்பது மற்றொன்று, க.நா.சுப்ரமண்யம் முதலிய திறனாய்வாளர்கள் கல்கிக்கு உயர்ந்த இலக்கிய இடம் அளிக்கவில்லை. இவ்விரு மதிப்பீடுகளும் இதழியலைப் புதினத்திற்குப் புறம்பானதாகவே கொள்கின்றன. அவ்வாறு பிரித்துக் காண்பது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

இதழியல் பயிற்சி

தஞ்சை மாவட்டத்தில் மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, திருச்சிராப்பள்ளியில் பயின்றபோது ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுப் பள்ளிப்படிப்பைக் கைவிட்டார். 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலைக்குப்பின் 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியரானார். அரசியல் செய்தியையும் கருத்தையும் நல்ல தமிழில் சொல்லும் பயிற்சி அங்கே வாய்த்தது. 1927இல் 'சாரதையின் தந்திரம்' என்னும் முதற் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. எனவே, படைப்பெழுத்து இதழ்ப்பணிக்குப் பின் வந்ததன்று, உடன் வளர்ந்தது.

அடுத்த கட்டம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். அங்கு இராஜாஜி நடத்திய மதுவிலக்கு இதழான 'விமோசன'த்தில் துணைநின்றார். குடியால் சிதையும் குடும்பங்களைப் பற்றிய கதைகளை அதற்கென எழுதினார். பொதுச்சிக்கல் ஒன்றை ஒரு வீட்டின் துன்பமாகச் சுருக்கிக் காட்டும் முறை இவ்விதழில்தான் வலுப்பெற்றது. பிற்காலப் புதினங்களின் அடிப்படை உத்தியும் இதுவே.

தொடர்கதையின் உருவாக்கம்

1930களில் எஸ்.எஸ்.வாசனின் 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பேற்ற கல்கி, நகைச்சுவைக் கட்டுரை, தலையங்கம், 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நாட்டியத் திறனாய்வு எனப் பல துறைகளில் எழுதினார். 1937இல் 'கள்வனின் காதலி' தொடராக வந்தது. 1939இல் வெளியான 'தியாக பூமி'க்கு, கே.சுப்ரமணியம் இயக்கிய அதே பெயர்த் திரைப்படத்தின் ஒளிப்படங்களே தொடரின் படங்களாக இடம்பெற்றன. இதழ், புதினம், திரைப்படம் ஆகிய மூன்றும் ஒரே வாசகரை நோக்கி இயங்கிய நிகழ்வு இது.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறைசென்று மீண்டபின், அதே ஆண்டு ஆகஸ்டில் டி.சதாசிவத்துடன் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை', 'பொன்னியின் செல்வன்' ஆகியவை அவ்விதழிலேயே வெளிவந்தன. வரலாற்றுப் புதினங்களுக்காக அவர் அஜந்தா, எல்லோரா, இலங்கை ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தமை, களத்திற்குச் சென்று எழுதும் செய்தியாளரின் பழக்கத்தோடு ஒப்பிடத்தக்கது.

'அலை ஓசை': நிகழ்காலத்தின் வரலாறு

1948–49இல் தொடராக வந்த 'அலை ஓசை', பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என நான்கு பாகங்களைக் கொண்டது. 1930களின் தொடக்கம் முதல் காந்தியடிகளின் மறைவு வரையிலான காலத்தை அது உள்ளடக்குகிறது. காந்தியடிகள் கொல்லப்பட்டது 1948 ஜனவரியில். அவ்வாண்டிலேயே தொடர் தொடங்கிவிட்டது. நிகழ்ச்சிக்கும் புனைவுக்கும் இடையே இருந்தது மிகக் குறுகிய காலமே. அரசியல் நிகழ்வுகள் ஆறுவதற்கு முன்பே அவற்றைக் கதையாக்கும் துணிவு இதழாளருக்குரியது.

புதினம் ராஜம்பேட்டை என்னும் சிற்றூரின் அஞ்சல் நிலையத்தில் தொடங்குவது கருதத்தக்கது. வெளியுலகம் அவ்வூருக்குள் கடிதமாகவும் செய்தியாகவுமே நுழைகிறது. லலிதாவைப் பெண்பார்க்க வந்த சௌந்தரராகவன் சீதாவை மணக்க விரும்புவதில் குடும்பக்கதை பிறக்கிறது. பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில் ஈடுபடும் தாரிணி, அரசியல் இயக்கத்தில் இறங்கும் சூர்யா ஆகியோர் வழியாக அக்கதை நாட்டு வரலாற்றோடு இணைகிறது. டில்லியில் சீதாவின் இல்லறம் குலைவதும், பிரிவினைக் கலவரத்தில் அவள் அலைக்கழிவதும் தனித்தனி நிகழ்ச்சிகளல்ல. 'விமோசன'க் கதைகளில் ஒரு வீட்டளவில் நின்ற உத்தி, இங்கு ஒரு நாட்டளவில் விரிகிறது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. எதிர்பாராச் சந்திப்புகள் மிகுகின்றன. சில இடங்களில் பாத்திரங்களின் உரையாடல் தலையங்கத்தின் குரலைப் பெறுகிறது. அடுத்த வாரத்திற்கு வாசகரை ஈர்க்கும் கட்டாயம் சீதாவின் அகவுலகை முழுமையாகக் காட்டத் தடையாகிறது. எனினும், விடுதலையின் மகிழ்ச்சியை விரித்துரைப்பதோடு அமையாமல், அதன் விலையை ஒரு பெண்ணின் வாழ்வில் அளந்து பார்த்த புதினம் என்னும் சிறப்பு இதற்குண்டு. தம் படைப்புகளில் நிலைக்கத்தக்கது இதுவே எனக் கல்கியும் கருதினார். அவர் 1954 டிசம்பர் 5இல் மறைந்தபின், 1956ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது இப்புதினத்திற்கு வழங்கப்பட்டது.

முடிவுரை

கல்கியின் புதினங்களுடைய வலிமையும் வரம்பும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது வார இதழிலிருந்து தோன்றியவை. ஆகவே, தொடர்கதை என்னும் காரணத்தாலேயே அவற்றை ஒதுக்குவதும், அக்காரணத்தை மறந்து போற்றுவதும் முழுமையான மதிப்பீடாகா. நாட்டுடைமையாக்கப்பட்டபின் அவருடைய நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டுள்ளன. அந்நூல்வடிவத்தில், புதினம் முதலில் வெளிவந்த பக்கங்களின் தலையங்கம், செய்தி, விளம்பரம் ஆகியவை இல்லை. 'அலை ஓசை'யின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் அவ்வார இதழின் பிற பகுதிகளோடு வைத்துப் படிப்பதே இனிச் செய்யத்தக்க ஆய்வுப்பணி. விடுதலை பெற்ற முதல் ஆண்டுகளில் தமிழ் வாசகர் தம் காலத்தை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதை அறிய அது வழிவகுக்கும்.