மிதிப்பவரும் திறப்பவரும்: பிரேக்கில் காற்றெடுக்கும் வேலையின் வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைத் தாண்டினால் சூசூவாடி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அதன்பின் தொப்பூர்க் கணவாயின் இறக்கம். எல்லையைக் கடக்கும் கனரக லாரிகளும் சிறு சரக்கு வண்டிகளும் கார்களும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் சக்கரங்களை நிறுத்தும் முறை மட்டும் ஒன்றல்ல. கனரக லாரியில் அழுத்தப்பட்ட காற்றே பிரேக்கை இயக்குகிறது. காரில் அந்த வேலையைச் செய்வது குழாயில் அடைபட்ட நீர்மம். அதற்குள் காற்று புகுந்தால் பிரேக் செயலிழக்கும். புகுந்த காற்றை வெளியேற்றும் சிறு வேலைக்குத் தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெயர் பதியப்படாத ஒருவர் தொடர்ந்து இருந்துவந்திருக்கிறார். மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்திருக்க, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்த இரண்டாவது ஆள் அவர்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. 1662இல் அவர் மறைந்தார். இவ்விதியைக் கூறும் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மோட்டார் வண்டிக்கு அது பயன்பட இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. தொடக்ககாலக் கார்களில் பிரேக் என்பது கம்பிகளும் தண்டுகளும் கொண்ட அமைப்பு. நான்கு சக்கரங்களுக்கும் சம அளவில் இழுப்பைப் பகிர்வது அதில் கடினம். ஒரு கம்பி சற்றே தளர்ந்தாலும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். அமெரிக்கரான மால்கம் லாக்கீட் 1917இல் நீர்ம பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இவருடைய உடன்பிறந்தவரே லாக்கீட் விமான நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆலன் லாக்கீட். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் நீர்ம பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. 1924இல் கிரைஸ்லர் நிறுவனம், ஒழுகும் தோல் அடைப்புகளுக்கு மாற்றாக ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தி, நடுத்தர விலைக் காரிலும் இம்முறையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1939 வரை பழைய முறையைக் கைவிடவில்லை.

தொடக்ககால பிரேக் நீர்மங்களில் ஆமணக்கெண்ணெய்க்கு முக்கிய இடம் இருந்தது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பெருக்கும். ஆமணக்கெண்ணெய் அதைக் கெடுப்பதில்லை. எனவே ஆல்கஹாலில் கரைத்த ஆமணக்கெண்ணெயே பல ஆண்டுகள் சக்கரங்களை நிறுத்தியது. தமிழர் வீட்டில் விளக்கெரிக்கவும் குழந்தைக்குப் பேதி கொடுக்கவும் பயன்பட்ட அதே விளக்கெண்ணெய்தான் இது. பிற்காலத்தில் கிளைக்கால் சார்ந்த செயற்கை நீர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அவற்றில் எண்ணெய் இல்லை. ஆயினும் பட்டறைத் தமிழில் இன்றுவரை அதற்குப் பெயர் ‘பிரேக் ஆயில்’. பொருள் மாறியபின்னும் சொல்லில் பழைய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்பெயரை நம்பி என்ஜின் ஆயிலை ஊற்றுபவர், ரப்பர்கள் ஊதி முழு அமைப்பும் பழுதாவதைக் காண்பார்.

இந்தியாவில் இத்தொழில் வேரூன்றியதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து 1962இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவின. லூகாஸுக்குச் சொந்தமாயிருந்த ‘கிர்லிங்’ என்னும் பிரேக் வணிகப்பெயர் இவ்வழியே தமிழ்நாட்டு உதிரிபாகக் கடைகளுக்கு வந்தது. ஆங்கிலேயர் ஒருவரின் குடும்பப் பெயர், பாட்டிலில் விற்கும் நீர்மத்தின் பெயராயிற்று.

நீர்மத்தை அழுத்தினால் அது ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. காற்று எளிதில் சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், பெடலில் கால் தரும் விசை முதலில் அக்குமிழியைச் சுருக்கவே செலவாகும். பெடல் பஞ்சுபோல் இறங்கும், சக்கரம் நிற்காது. இதற்காகவே ஒவ்வொரு சக்கரத்திலும் ‘நிப்பிள்’ எனப்படும் சிறு திருகு வாய் வைக்கப்பட்டது. வழக்கமான முறையில் இருவர் வேண்டும். ஒருவர் பெடலைச் சிலமுறை மிதித்து அழுத்திப் பிடிப்பார். மற்றவர் நிப்பிளைத் திறப்பார். காற்றும் நீர்மமும் பீறிட்டு வரும். நிப்பிளை மூடியபின்னரே மிதித்தவர் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். ஆகவே இவ்வேலையின் உண்மையான கருவி ஸ்பேனர் அன்று, ‘பிடி’, ‘விடு’ என்னும் இரண்டு ஏவல் சொற்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலையில் கிடக்கும் இருவரை இணைப்பவை அவையே.

சொற்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலம் இச்செயலை இரத்தம் வடிப்பதாக உருவகிக்கிறது. தமிழ்ப் பட்டறையில் அவ்வுருவகம் இல்லை. இங்கே ‘ஏர் எடுப்பார்கள்’. கிணற்று மோட்டாரும் டீசல் என்ஜினும் கிராமத்துக்குப் பழக்கமானவை. அவற்றிலும் ‘ஏர் பிடித்தது’ என்பதும் ‘ஏர் எடுப்பது’ என்பதும் வழக்கு. எல்லைக்கு அப்பால் கன்னடத்தின் ‘தெகெ’ என்னும் வினைக்கு ‘வெளியே எடு’, ‘திற’ என இரு பொருளும் உண்டு. தெலுங்கின் ‘தீயி’யும் அவ்வாறே. தமிழில் நிப்பிளைத் திறக்க வேண்டும், காற்றை எடுக்க வேண்டும். இரு வினைகள் தேவை. மும்மொழியும் புழங்கும் அத்திபெலே போன்ற ஊரில் ஒரே வேலை இருவேறு இலக்கணங்களில் நடக்கிறது.

அந்த இரண்டாவது ஆள் யார்? மேலை நாட்டுக் கையேடுகள் ‘உதவியாளர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். வீட்டில் அது பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ. இந்தியச் சாலைகளில் அந்த இடம் லாரிக் கிளீனருக்கும் பட்டறைப் பையனுக்கும் உரியது. பெடலை மிதித்துப் பிடிப்பது அவர்களுக்குத் தரப்பட்ட முதல் பாடங்களுள் ஒன்று. காற்றுள்ள பெடலுக்கும் காற்றில்லாத பெடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கால் அறிந்துகொண்டது. எழுத்தில் இல்லாத அவ்வறிவே பின்னர் அவர்களை மெக்கானிக் ஆக்கியது. ஆனால் கற்றவர்களில் பலர் சிறுவர்கள் என்பதை மறைக்க இயலாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அத்தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அபாயகரமான பணிகளின் பட்டியலில் மோட்டார்ப் பட்டறை வேலை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது; குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்கு வெளியே உதவுவது போன்ற சில விலக்குகளே அதில் உண்டு. பட்டறைப் பையனின் மறைவை இழப்பாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவன் கற்ற கைத்தொழிலின் விலை அவன் போகாத பள்ளி.

இயந்திர வரலாற்றில் இரண்டாவது ஆளை நீக்கும் முயற்சி புதிதன்று. ரயில் பெட்டிகளின் கூரைமீது ஓடி ஒவ்வொரு பெட்டியாகக் கைப்பிரேக்கைத் திருகிய தொழிலாளரின் தேவையைக் குறைத்தது, 1869இல் வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமை பெற்ற காற்று பிரேக். இன்றைய கனரக லாரியின் பிரேக் அதன் வழித்தோன்றலே. காரில் அதே நீக்கம் எளிய பொருள்களால் நிகழ்ந்தது. நிப்பிளில் நிறமற்ற சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் புதிய நீர்மம் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்தால், பெடல் மேலெழும்போது காற்றுக்குப் பதில் நீர்மமே திரும்ப உறிஞ்சப்படும். ‘பிடி’ என்று சொல்ல ஆள் வேண்டாம், நீர்மமே கதவாகிறது. குழாயில் ஒருவழி வால்வைப் பொருத்துவது இதன் அடுத்த படி. நிப்பிளைத் திறந்துவிட்டு நீர்மம் தன் எடையால் சொட்டக் காத்திருப்பது இன்னும் எளிது; நேரம் மட்டும் மிகுதி. மாற்றுச் சக்கரத்தின் காற்றைக் குறைத்து, அவ்வழுத்தத்தால் மேல்தொட்டியிலிருந்து நீர்மத்தைத் தள்ளும் கருவிகளும் வந்தன. நீர்மத்தைக் காக்க முதலில் பகையான காற்றையே வேலைக்கு அமர்த்தியது இம்முறை.

1983இல் மாருதி 800 வந்தபின் கார் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது. தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமையாளரும் மெல்ல உருவானார். ஒற்றை ஆளாகச் செய்பவருக்கு மரபு விட்டுச்சென்ற எச்சரிக்கைகள் சில. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் தாங்கிகளில் நிறுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். மேல்தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது பழைய வழக்கம். ஆனால் இரட்டைச் சுற்று அமைப்புகளில் வண்டிக்கு வண்டி வரிசை மாறும், அங்கே கையேடே சான்று. நிப்பிளின் மறைவழியே காற்று கசிந்து குழாயில் குமிழிபோல் தோன்றும். அதை உள்ளிருந்து வரும் காற்று என்று மயங்குவோர் உண்டு. வேலை முடிந்ததும் பெடல் கல்போல் நிற்க வேண்டும். என்ஜினை ஓட்டியதும் அது சற்றே இறங்குவது இயல்பு. அதன்பின்னும் முதல் ஓட்டம் ஆளில்லா இடத்தில், மிகக் குறைந்த வேகத்தில்.

இவ்வெச்சரிக்கைகளின் பொருள் தொப்பூர் இறக்கத்தில் விளங்கும். கிளைக்கால் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை நீர்மத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 இருந்தாலே தர அளவு நிறைவுறும். டாட் 4 வகையில் அவ்வளவுகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதிக்கப்பட்டால் வெப்பம் சக்கர சிலிண்டரை எட்டும்; பழைய நீர்மம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். அத்திபெலேயில் உறுதியாக இருந்த பெடல், கணவாயில் தரைவரை இறங்கும். பழுது வெளியிலிருந்து நுழையவில்லை, உள்ளேயே பிறந்தது.

அமெரிக்காவில் 1968 முதல் கட்டாயமான இரட்டைச் சுற்று அமைப்பு, ஒரு பாதி செயலிழந்தாலும் மறுபாதி காக்கும் என்ற ஏற்பாடு. இந்தியக் கார்களில் 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதன் அழுத்தக் கூட்டினுள் காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் கணினிக் கருவியை இணைத்து அதன் பம்ப்பை இயக்கினால்தான் காற்று வெளியேறும். இருவர் செய்த வேலை ஒருவருடையதாகி, இப்போது அவரும் ஒரு திரையிடம் அனுமதி கேட்கும் நிலை. நீக்கப்பட்ட இரண்டாவது ஆள் மென்பொருளாகத் திரும்பியிருக்கிறார்.

தொழில் வரலாறுகள் காப்புரிமை பெற்றோரின் பெயர்களைக் காக்கின்றன. பெடலில் கால் வைத்துக் குரலுக்குக் காத்திருந்தவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்றவை ‘பிடி’, ‘விடு’, ‘ஏர் எடு’ முதலிய சில சொற்களே. அச்சொற்களைத் தொழில்வாரியாகத் தொகுப்பதும் வரலாறு எழுதுவதன் ஒரு பகுதியே. அவற்றைச் சொல்லிப் பழகிய தலைமுறை பட்டறைகளில் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.