தொடாமலே க்ளிக் ஆகுதா உங்க லேப்டாப்? `கோஸ்ட் டச்' பிரச்னையை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

ராத்திரி 11 மணி. காலையில சப்மிட் பண்ண வேண்டிய புராஜெக்ட். வேகமா டைப் பண்ணிட்டு இருக்கீங்க. திடீர்னு கர்சர் வேற எங்கேயோ தாவுது. ஒரு விண்டோ தானா மூடுது, இன்னொண்ணு தானா திறக்குது, பேஜ் ஜூம் ஆகி ஜூம் ஆகிப் போகுது. உங்க ரெண்டு கையும் கீபோர்டு மேலதான் இருக்கு. ஸ்க்ரீனை யாருமே தொடலை!

டச் ஸ்க்ரீன் லேப்டாப் வச்சிருக்கிற பலருக்கும் இந்த அனுபவம் ஒருமுறையாவது இருந்திருக்கும். விரலே படாமல் ஸ்க்ரீன் தொடுதலை உணர்வதைத்தான் `கோஸ்ட் டச்' என்கிறார்கள். இதைப் பார்த்ததும் ரெண்டு பயம் வரும். ஒண்ணு, `யாரோ ஹேக் பண்ணிட்டாங்க'. இன்னொண்ணு, `ஸ்க்ரீன் போச்சு, பெரிய செலவு இருக்கு'. பல நேரங்களில் ரெண்டுமே இல்லை. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிட்டு, அப்புறம்தான் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்கணும். அந்த வரிசையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஹேக்கா... கோஸ்ட் டச்சா?

முதலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கலாம். வைஃபையை ஆஃப் பண்ணுங்க. போன் ஹாட்ஸ்பாட், லேன் கேபிள் இருந்தா அதையும் துண்டிச்சிடுங்க. நெட் இல்லாதபோதும் க்ளிக் தொடர்ந்தா, தூரத்தில் உட்கார்ந்து யாரும் உங்க லேப்டாப்பை இயக்கலைன்னு நிம்மதியா இருக்கலாம்.

நடக்கிற விதமே ஒரு க்ளூ கொடுக்கும். கோஸ்ட் டச்சுக்கு நோக்கம் கிடையாது. கண்ட இடத்தில் தட்டும், ஒரே மூலையை நூறு தடவை அழுத்தும். மனிதர் ஒருவர் ரிமோட்டில் இயக்கினால் கர்சர் நிதானமாக நகரும், பிரவுசரைத் திறக்கும், பேங்க் பக்கத்தைத் தேடும். அப்படி நடந்து, நெட்டை நிறுத்தியதும் நின்றுபோனால் அது வேற விஷயம். மறுபடி நெட் கனெக்ட் பண்ணாமல், வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாத்துங்க. பேங்க்குக்குத் தகவல் சொல்லுங்க. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க.

தொடாத விரலை ஸ்க்ரீன் எப்படி உணருது?

இன்றைய டச் ஸ்க்ரீன்கள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை; மின்சாரத்தைப் பார்க்கின்றன. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, வலை மாதிரி ஓடும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்கு அளவு ரொம்பச் சின்னதாக மாறும். ஒரு நொடிக்குள் பல தடவை மொத்த வலையையும் அளந்துகொண்டே இருக்கும் ஒரு சிப், அந்த மாற்றத்தை `இங்கே விரல் வச்சிருக்காங்க' என்று விண்டோஸுக்குச் சொல்லும்.

பிரச்னையும் இங்கேதான். மாற்றம் ரொம்பச் சின்னது என்பதால், வேறு ஏதாவது அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கினாலும் சிப் ஏமாந்துவிடும். ஒரு துளி தண்ணி, எண்ணெய்ப் பிசுக்கு, சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல், உள்ளே நசுங்கிய கேபிள், கண்ணாடியில் முடி அளவு விரிசல் என எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் எதுன்னு கண்டுபிடிப்பதுதான் உங்க வேலை.

முதலுதவி: டச்சை ஆஃப் பண்ணுங்க

டெட்லைன் நெருக்கத்தில் காரணம் தேட நேரமிருக்காது. வேலையை முதலில் காப்பாத்திக்கணும். கன்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் பண்ணுங்க. பேங்க், ஷாப்பிங், மெயில் டேப்கள் திறந்திருந்தா மூடிடுங்க. தானா விழும் ஒரு க்ளிக், பாதி எழுதின மெயிலை அனுப்பிவிடலாம்.

பேய் தட்டிக்கொண்டிருக்கும்போது மவுஸால் மெனுவைப் பிடிப்பது கஷ்டம். கீபோர்டிலேயே முடிச்சிடலாம்.

1. விண்டோஸ் கீ + எக்ஸ் அழுத்தி, அடுத்து எம் அழுத்துங்க. டிவைஸ் மேனேஜர் திறக்கும்.

2. அம்புக்குறி கீகளால் `ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' வரை இறங்குங்க. லிஸ்ட்டுக்குள்ளே நகரலைன்னா டேப் கீயை ஒருமுறை தட்டுங்க. வலது அம்புக்குறி அழுத்தினா உள்ளே இருப்பவை விரியும்.

3. `ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்க்ரீன்' என்ற வரிக்கு வாங்க. ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினா மெனு வரும். `டிஸேபிள் டிவைஸ்' தேர்ந்தெடுத்து, யெஸ் கொடுங்க.

அதே பெயரில் ரெண்டு வரி இருந்தா ரெண்டையும் டிஸேபிள் பண்ணுங்க. கீபோர்டு, டச்பேட் பெயர் உள்ள வரிகள்ல மட்டும் கை வச்சிடாதீங்க.

இதுவே ஒரு சோதனையும்கூட. இப்போ தட்டுதல் நின்னுடுச்சுன்னா குற்றவாளி டச் ஸ்க்ரீன்தான். டச் ஆஃப் ஆன பிறகும் கர்சர் ஆடுதுன்னா, ஸ்க்ரீன் மேல வீண்பழி போட்டிருக்கீங்க! டச்பேடில் ஈரமோ, மவுஸில் கோளாறோ இருக்கலாம். அவற்றைத் துடைச்சும், கழற்றியும் பாருங்க.

இனி துப்பறியலாம்!

வேலை முடிஞ்சதா? அதே வழியில் போய் `எனேபிள் டிவைஸ்' கொடுத்து டச்சை மறுபடி ஆன் பண்ணுங்க. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்ஸெஸிபிலிட்டி, `மவுஸ் பாயின்டர் அண்ட் டச்' பகுதியில் `டச் இண்டிகேட்டர்' என்று ஒன்று இருக்கு. அதை ஆன் பண்ணினா, தொடப்படும் இடமெல்லாம் ஒரு வட்டம் தெரியும். அல்லது பெயின்ட் ஆப்பைத் திறந்து, பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்து, சும்மா விட்டுடுங்க. பேய் எங்கே தட்டுதோ அங்கே கோடு விழும்.

கோடுகள் எப்பவும் ஒரே நேர்வரிசையிலோ, ஒரே மூலையிலோ விழுந்தா, பெரும்பாலும் அந்த இடத்தில் அழுக்கு, அழுத்தம் அல்லது விரிசல். ஸ்க்ரீன் முழுக்க அங்கும் இங்குமாகச் சிதறினா சார்ஜர் மேல சந்தேகப்படலாம். அந்தப் படத்தை வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

சார்ஜரைக் கழற்றுங்க. பத்து நிமிஷம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. பேய் காணாமப்போச்சுன்னா பிரச்னை ஸ்க்ரீனில் இல்லை. நம்ம மூணு பின் பிளக்கில் பெருசா இருக்கிற மேல் பின்தான் எர்த். அது சரியா இணைப்பில் இல்லாத சாக்கெட், ரெண்டு பின் கன்வெர்ட்டர், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதெல்லாம் இருந்தா, சார்ஜரின் மின் இரைச்சல் வெளியேற வழியில்லாமல் லேப்டாப் உடம்பிலேயே தங்கும். மெட்டல் பாடி லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி தடவும்போது கையில் லேசா `சுருசுரு'ன்னு இருக்கா? எர்த்தைக் கவனிக்கச் சொல்லும் அடையாளம் அது. எர்த் உள்ள வேற சாக்கெட்டில் நேரடியாகச் சொருகிப் பாருங்க. டூப்ளிகேட் சார்ஜர்னா, கம்பெனி சார்ஜரை ஒருமுறை கடன் வாங்கியாவது சோதிங்க. சாக்கெட்டில் எர்த் இல்லைன்னு தெரிஞ்சா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்து.

துடைச்சுப் பாருங்க. லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியில் துளி தண்ணி தொட்டு மெதுவா துடைங்க. ஓரங்களை விட்டுடாதீங்க, ஃப்ரேம் சேரும் இடத்தில்தான் பிசுக்கும் தூசியும் ஒளிஞ்சிருக்கும். ஸ்க்ரீன் மேல நேரடியா ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த லிக்விடும் வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே புழுக்கத்துக்கு வந்ததும் பிரச்னை ஆரம்பிச்சதுன்னா, கண்ணாடியில் படியும் ஈரம் காரணமா இருக்கலாம். கொஞ்ச நேரம் காயவிட்டுப் பாருங்க.

ஸ்க்ரீன் கார்டைக் கழற்றுங்க. காற்றுக்குமிழி, ஓரத்தில் தூக்கிக்கொண்ட கார்டு, அதுக்குள்ள புகுந்த தூசி எல்லாமே சிப்பை ஏமாத்தும். `காசு போட்டு ஒட்டினது'ன்னு மனசு கேட்காது. ஆனா, கார்டு விலை ஸ்க்ரீன் விலையில் ஒரு துளிதான்.

மூடியை அசைச்சுப் பாருங்க. பெயின்ட் திறந்தபடியே மூடியை மெதுவா முன்னும் பின்னும் சாய்ங்க. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கோடுகள் விழுதா? ஸ்க்ரீனுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கீல் வழியா ஓடும் கேபிள் நசுங்கியோ, லூஸாகியோ இருக்கலாம். இது சர்வீஸில் சரிபார்க்கக்கூடியது. உடனே `மொத்த ஸ்க்ரீனையும் மாத்தணும்'னு யாராவது சொன்னா, கேபிளை முதலில் பார்க்கச் சொல்லுங்க.

சாஃப்ட்வேர் பக்கம் ஒரு பார்வை

ரீஸ்டார்ட் பண்ணுங்க. `ஷட் டவுன் பண்ணித்தான் ஆன் பண்ணினேன்' என்பீர்கள். `ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' ஆனில் இருந்தா, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அதிலிருந்தே மறுபடி எழும். ரீஸ்டார்ட்தான் புதுசா தொடங்கும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் `காலிப்ரேட்' என்று தேடி, `காலிப்ரேட் தி ஸ்க்ரீன் ஃபார் பென் ஆர் டச் இன்புட்' என்பதைத் திறந்து `ரீசெட்' மட்டும் கொடுங்க. பழைய தவறான அளவுகள் அழிஞ்சிடும். புதுசா காலிப்ரேட் பண்ணத் தேவையில்லை.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிச்சதா? டிவைஸ் மேனேஜரில் அதே டச் ஸ்க்ரீன் வரியின் பிராப்பர்ட்டீஸில் `டிரைவர்' டேபுக்குப் போய் `ரோல் பேக் டிரைவர்' கொடுக்கலாம். அந்த பட்டன் மங்கலா இருந்தா, திரும்பிப்போக பழைய டிரைவர் இல்லைன்னு அர்த்தம். அப்போ `அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸே டிரைவரை மறுபடி போட்டுக்கும். புது டிரைவர் வேணும்னா, உங்க மாடல் நம்பரைப் போட்டு லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோடு பண்ணுங்க. `ஒரே க்ளிக்கில் எல்லா டிரைவரும்' என்று விளம்பரம் செய்யும் ஆப்ஸ் பக்கம் போகாதீங்க.

சாஃப்ட்வேரா, ஹார்ட்வேரா என்று கடைசி தீர்ப்பு வேணுமா? உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவிலிருந்தே, இன்ஸ்டால் பண்ணாம ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸே இல்லாத அந்த இடத்திலும் பேய் தட்டினா, ஹார்ட்வேர்தான்.

இந்த அறிகுறி இருந்தா உடனே நிறுத்துங்க!

டச்பேட் மேடாகி க்ளிக் ஆக மறுக்குதா? மூடி சரியா மூடலையா? லேப்டாப்பைத் தரையில் வச்சா ஆடுதா? பாடியில் புதுசா இடைவெளி தெரியுதா? பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். டேப்லெட் மாதிரி கழற்றக்கூடிய மாடல்களில் பேட்டரி ஸ்க்ரீனுக்கு நேர் பின்னாலேயே இருப்பதால், உப்பும்போது ஸ்க்ரீனை உள்ளிருந்து தள்ளி கோஸ்ட் டச்சை உண்டாக்கும்.

இது துப்பறியும் நேரம் இல்லை. சார்ஜரைக் கழற்றுங்க, ஆஃப் பண்ணுங்க. அமுக்கிச் சரிபண்ணப் பார்க்காதீங்க, குத்தாதீங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். படுக்கை, சோபா மேல வைக்காமல், சீக்கிரமா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்முன்...

* வாரன்ட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா வெளிக்கடையில் திறக்கவே விடாதீங்க.

* முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்க.

* பெயின்ட் கோடுகளின் வீடியோவைக் காட்டுங்க. கடையில வச்சதும் பேய் சமர்த்தாகிவிடும் என்பது ஊரறிந்த உண்மை!

* என்னென்ன சோதிச்சீங்கன்னு சொல்லுங்க. எதை மாத்தப்போறாங்க, எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்கிக்கோங்க.

பல லேப்டாப்களில் டச் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். அதனால்தான் செலவு எகிறுது. பணம் கொடுக்கும்முன் ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: `எனக்கு இந்த லேப்டாப்பில் டச் நிஜமாவே தேவையா?' வரையிறவங்களுக்குத் தேவை. டைப் பண்ணவும், கோடிங் செய்யவும், படம் பார்க்கவும் மட்டும்தான்னா, டச்சை நிரந்தரமா டிஸேபிள் பண்ணிட்டு நிம்மதியா ஓட்டலாம். கண்ணாடி விரிசல் இல்லாம, படம் தெளிவா தெரியுற வரைக்கும் செலவு பூஜ்யம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டச் மறுபடி ஆன் ஆனா, திரும்ப டிஸேபிள் பண்ணிக்கோங்க. சில மாடல்களில் பயாஸ் செட்டிங்ஸிலேயே டச்சை ஆஃப் செய்யும் வசதி உண்டு.

போனில் வந்தா?

லாஜிக் அதேதான்: சார்ஜர், துடைப்பு, கார்டு, ரீஸ்டார்ட். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `ஷோ டேப்ஸ்' ஆன் பண்ணினா தட்டும் இடம் தெரியும். லேப்டாப் மாதிரி டச்சை ஆஃப் பண்ணிட்டு போனை ஓட்ட முடியாது என்பதால், டேட்டா பேக்கப்பை முதல் நாளே எடுத்துடுங்க. பேயே தப்புத் தப்பா பின் நம்பர் போட்டு போனை லாக் பண்ணிடலாம்.

சில நேரம் தப்பு கம்பெனி பக்கமும் இருக்கும். தொடாமலே டிஸ்ப்ளே இயங்கும் பிரச்னை சில ஐபோன் எக்ஸ் மாடல்களில் இருப்பதாக 2018-ல் ஒப்புக்கொண்ட ஆப்பிள், டிஸ்ப்ளே பகுதியை இலவசமாக மாற்றிக்கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அதனால பணம் கட்டும்முன், உங்க மாடலுக்கு அப்படி ஏதாவது திட்டம் இருக்கான்னு கம்பெனி வெப்சைட்டில் ஒரு எட்டு பார்த்துடுங்க.

அடுத்த தடவை ஸ்க்ரீன் தானா தட்ட ஆரம்பிச்சா பதற வேண்டாம். சேவ் பண்ணுங்க, டச்சை ஆஃப் பண்ணுங்க, புராஜெக்ட்டை முடிச்சு அனுப்புங்க. பேயைக் காலையில பார்த்துக்கலாம்!